மிச்ச டேப்பில் ஒரு புல்லாங்குழல்

பாட்டே இல்லாமல் வாத்தியங்களை மட்டும் வைத்து இளையராஜா செய்த இரண்டாவது தொகுப்பு ‘நத்திங் பட் விண்ட்’. 1988இல் வந்தது. இசைத்தட்டு, கேசட், குறுந்தகடு, இப்போது போனில் கேட்கும் செயலிகள் என்று காலத்துக்கு ஒரு வடிவத்தில் அது திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. இந்தப் பதிப்புகளின் கணக்கில் சேராத ஒன்றும் உண்டு. கீழப்பழுவூரில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த ரெக்கார்டிங் கடையில், சினிமாப் பாட்டு பதிந்து முடித்தபின் கேசட்டின் கடைசியில் மிஞ்சிய டேப்பில் பதிந்து கொடுத்த பதிப்பு அது. மூன்று நிமிடமோ நான்கு நிமிடமோதான் இருக்கும். நடுவிலேயே அறுந்து நின்றுவிடும். எனக்கு ஏக்கமெல்லாம் அந்தப் பதிப்பின் மேல்தான்.

அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள் பழுவேட்டரையர் ஊரா என்று கேட்பார்கள். தேவாரம் தெரிந்தவர்கள் சம்பந்தர் பாடிய ஆலந்துறையார் கோயிலைச் சொல்வார்கள். லாரி ஓட்டுகிறவர்களுக்குச் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும்தான் ஞாபகம் வரும். ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்த பூமி இது. அந்தக் கடலின் சிப்பியும் நத்தையும் இறுகிய கல்லைத்தான் இன்று வெட்டி அரைக்கிறோம். நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் இந்தப் பக்கமெல்லாம் திருச்சி மாவட்டம். 1995இல் பெரம்பலூர் மாவட்டமானது. அரியலூர் மாவட்டம் 2001இல் பிரிந்து, மறு வருஷமே சேர்ந்து, 2007இல் திரும்பவும் பிரிந்தது. கடைக்கு வேண்டிய கேசட்டுகள் எல்லாம் திருச்சியிலிருந்துதான் வரும்.

ரெக்கார்டிங் கடையைப் பார்க்காத பிள்ளைகளுக்கு அதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சின்னக் கடை. சுவர் முழுக்கப் பலகைத் தட்டு, தட்டு முழுக்கக் கேசட். இரண்டு கேசட்டைப் பக்கம் பக்கமாகப் போடுகிற டெக் ஒன்று, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இரண்டு ஸ்பீக்கர். நாம் ஒரு நோட்டுத் தாளில் வேண்டிய பாட்டுகளை வரிசையாக எழுதிக்கொண்டு போக வேண்டும். அறுபதா தொண்ணூறா என்று கடைக்கார அண்ணன் கேட்பார். அறுபது என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம், தொண்ணூறு என்றால் நாற்பத்தைந்து. இரண்டு நாள் கழித்துப் போனால் கேசட் தயாராக இருக்கும். அட்டையில் அவர் கையெழுத்தில் படத்தின் பெயரும் பாட்டின் முதல் சொற்களும். நீல மசியில், ஒரு எழுத்தும் சாயாத கையெழுத்து.

‘எங்க ஊரு பாட்டுக்காரன்’, ‘அக்னி நட்சத்திரம்’, ‘கரகாட்டக்காரன்’ என்று ராஜாவின் படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எந்த விசேஷத்துக்கு மைக் செட் கட்டினாலும் அவர் பாட்டுதான். நாம் எழுதிக் கொடுத்த பாட்டெல்லாம் பெரும்பாலும் பக்கத்துக்குச் சரியாகப் பொருந்தாது. முப்பது நிமிடப் பக்கத்தில் பாட்டுகள் இருபத்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். மற்ற ஊர்களில் மிஞ்சிய டேப்பை வெறுமனே விட்டுவிடுவார்கள், இல்லாவிட்டால் ஒரு பாட்டின் பாதியைத் திணித்துவிடுவார்கள். எங்கள் ஊர் அண்ணன் அந்த மிச்சத்தில் ‘நத்திங் பட் விண்ட்’ போட்டார். யாரும் கேட்கவில்லை. அதற்குக் காசும் வாங்கவில்லை.

எங்கள் வீட்டுக் கேசட்டில் அதை முதன்முதலில் கேட்டபோது தவறிப்போய் வேறு எதையோ பதிந்துவிட்டார் என்றுதான் அம்மா நினைத்தார்கள். நான் போய்க் கேட்டேன்.

“அண்ணே, கடைசியில ஏதோ புல்லாங்குழல் வருதுண்ணே. பாட்டு ஒண்ணும் வரலியே.”

“பாட்டு கிடையாது தம்பி. அதுவும் ராஜாதான். வாசிக்கிறது வடக்கத்திக்காரரு. கேளு, கேக்கக் கேக்கப் புரியும்.”

அந்த வடக்கத்திக்காரர் ஹரிபிரசாத் சௌராசியா. அலகாபாத்தில் 1938இல் பிறந்தவர். மல்யுத்த வீரரின் பிள்ளை. கட்டாக் வானொலியில் வேலை பார்த்து, பின்னால் அன்னபூர்ணா தேவியிடம் சிட்சை பெற்றவர். 1967இல் சிவகுமார் சர்மாவோடும் பிரிஜ் பூஷண் காப்ராவோடும் அவர் சேர்ந்து செய்த ‘கால் ஆஃப் தி வேலி’ வடநாட்டுச் சங்கீதத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோன இசைத்தட்டு. அவர் வாசிக்கும் பன்சூரி நம் பக்கத்துக் குழலைவிட நீளம், பருமன். அதனால் நாதம் தாழ்ந்து, அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் வரும். எங்களுக்குத் தெரிந்த குழல் திருவிடைமருதூர் மாலியுடைய குழல், அவருக்குப் பின்னால் வந்தவர்களுடைய குழல். குட்டையான மூங்கில், கூர்மையான சத்தம், பிருகாக்கள். பன்சூரியை எங்கள் கிராமத்துக் காதுகள் அதுவரை கேட்டதே இல்லை. ராஜா அந்தப் பன்சூரியை ஐம்பது பேர் கொண்ட வாத்தியக் குழுவின் நடுவில் உட்கார வைத்தார். அதுவும் சென்னைப் படப்பாட்டுக்கு வாசித்துப் பழகிய கைகள். குழல் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கும்போது கீழே வயலின்களும் செல்லோக்களும் நகர்ந்து நகர்ந்து அந்த ஒரே ஸ்வரத்துக்கு வேறு வேறு அர்த்தம் கொடுத்துக்கொண்டே போகும். ராகம் கற்றவருக்கு அது ராகம். வெள்ளைக்காரர் சங்கீதம் கற்றவருக்கு அது ஹார்மனி. எங்களுக்கு இரண்டும் தெரியாது. ராஜா என்பது மட்டும் தெரியும். சினிமாப் பாட்டின் இடையிசையில் அவர் அப்படித்தானே செய்வார், இருபது நொடிக்குள் முடித்துவிடுவார். அந்த இருபது நொடியை ஒருவர் பத்து நிமிடத்துக்கு விரித்துவிட்டால் எப்படி இருக்கும் என்பதே இந்தத் தொகுப்பு. அதனால்தான் அது எங்களுக்கு அந்நியமாகப் படவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

இதற்கு முன் 1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ வயலினுக்கானது. வி.எஸ்.நரசிம்மன் வாசித்தது. தியாகராஜருக்கும் ஐரோப்பிய இசைமேதை பாக்கிற்கும் காணிக்கையாக்கப்பட்டது. அதில் ஒரு இடத்தில் பாக்கின் தனி வயலின் இசையை அப்படியே ஓடவிட்டு, அதன் பக்கத்தில் ராஜா தன் இசையைச் சேர்த்துப் பேச வைத்திருப்பார். பாலு மகேந்திரா அந்தத் தொகுப்பைத்தான் ‘வீடு’ படத்துக்குப் பின்னணி இசையாக எடுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் பஸ் ஏறினால் திருமானூர், கொள்ளிடப் பாலம், அதைத் தாண்டினால் திருவையாறு. தியாகராஜர் சமாதி அங்கேதான். தை மாத ஆராதனைக்கு எங்கள் ஊரிலிருந்தும் சிலர் போவார்கள். அந்த பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்குப் பண்ணைப்புரத்துக்காரர் ஒருவர் தியாகராஜரையும் பாக்கையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவைத்தார் என்று தெரிந்திருக்கும்? அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. கடையில் அந்தக் கேசட்டும் இருந்தது. ஆனால் மிச்ச டேப்பில் அதைப் போடமாட்டார். வயலின் எல்லாருக்கும் உடனே ஒட்டாது, குழல் என்றால் மாடு மேய்க்கிறவனும் நின்று கேட்பான் என்பார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

நாங்கள் அதைக் கேட்டது பெரும்பாலும் வயலில். கடலை முற்றும் நேரத்தில் ராத்திரிக் காவலுக்குப் போக வேண்டும். பன்றி வரும், நரி வரும். சித்தப்பா டூ இன் ஒன் டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு வருவார். கரண்ட் கிடையாது, டார்ச் லைட் செல் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். செல் இறங்க இறங்க மோட்டார் தளர்ந்து டேப்பின் ஓட்டமும் குறையும். பாடகர்களின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துப்போகும், சிரிப்பு வரும். பகலில் அந்தச் செல்லை வெயிலில் வைத்து எடுத்தால் இன்னும் ஒரு ராத்திரிக்குத் தாங்கும். ஆனால் பக்கத்தின் கடைசியில் வரும் குழலுக்கு மட்டும் அந்தத் தளர்ச்சி பொருந்திவிடும். சௌராசியாவின் பன்சூரி ஏற்கெனவே தாழ்ந்த நாதம். அது இன்னும் கால் ஸ்வரம் கீழே இறங்கி, இன்னும் மெதுவாக, கடலைக்கொல்லையின் மேல் போகும். காரைவெட்டி ஏரி எங்களுக்குப் பக்கம்தான். புள்ளம்பாடி வாய்க்காலில் தண்ணீர் வந்து ஏரி நிறைந்துவிட்டால் மார்கழி, தை மாதங்களில் எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வந்து இறங்கும். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகூட அங்கே வருவதுண்டு. 2024இல் ஏரிக்கு ஈரநிலங்களுக்கான ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. ராத்திரியில் அந்தப் பறவைகள் கூட்டமாகக் கத்துவதும் குழலும் கலந்து கேட்ட நாட்கள் உண்டு.

நகல் எடுத்த டேப்பில் ஒரு இரைச்சல் இருக்கும். மூலக் கேசட்டின் இரைச்சலோடு நகலின் இரைச்சலும் சேரும். மேல் ஸ்தாயிச் சத்தங்கள் மங்கும். பன்சூரி வாசிப்பவரின் மூச்சுக் காற்றும் அந்த இரைச்சலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கேட்கும். எது மூச்சு, எது டேப் என்று என்னால் பிரிக்க முடிந்ததில்லை. பிரிக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. முழுவதும் ஒரே மூச்சாகவே கேட்டேன்.

பிறகு சென்னைக்குப் படிக்க வந்தேன். விடுதியில் ஒரு நண்பனிடம் குறுந்தகடு இருந்தது. மொசார்ட்டைப் பேர் சொல்லி நேசிக்கிற ‘மொசார்ட் ஐ லவ் யூ’, ‘கம்போசர்ஸ் பிரெத்’, ‘சாங் ஆஃப் சோல்’ என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் ஊர் அட்டையில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: ‘ராஜா – குழல்’. குறுந்தகட்டில் இரைச்சல் இல்லை. மூச்சு மட்டும் தனியாகத் துலங்கியது. என் உடம்புக்கு அந்த இசை அணு அணுவாகத் தெரியும், எந்த இடத்தில் செல்லோ நுழையும், எந்த இடத்தில் தாளம் சேரும் என்று விரலால் காட்டுவேன். அப்படியே போய், வயலின்கள் மேலேறத் தொடங்குகிற ஒரு இடத்தில் நான் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டு டேப் அங்கேதான் அறும். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் எனக்குத் தெரியாத இசை. அழகான இசை, சந்தேகமில்லை. இருந்தாலும் இன்றைக்கும் அந்த இடம் வந்தால் என் காது அடைத்த கதவின்மேல் போய் முட்டி ஒரு கணம் நிற்கிறது. பிறகுதான் உள்ளே போகிறது.

அதே நண்பன்தான் எனக்கு இங்கிலாந்தின் பிங்க் ஃபிளாய்ட் குழுவைப் போட்டுக் காட்டினான். அவர்களுக்கும் ஒரு இரண்டாம் தொகுப்பு உண்டு. 1968இல் வந்த ‘எ ஸாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்’. குழுவைத் தொடங்கி வைத்த சிட் பாரெட் மனம் நலிந்து விலகிப்போக, டேவிட் கில்மோர் உள்ளே வந்த நேரம். சைகடெலிக் ராக் என்று சொல்கிறார்களே, அந்த வகையில் அது முக்கியமான தட்டு. அது எத்தனை தரம் மறுபதிப்பாக வந்திருக்கிறது என்று நண்பன் சொல்லிக்கொண்டே போவான். 1994இல் சீரமைத்த குறுந்தகடு. 2011இல் இன்னொரு சீரமைப்பு. 2019இல் அதன் மோனோ வடிவத்தை மட்டும் தனி இசைத்தட்டாகப் போட்டார்கள். ஏனென்றால் அந்தக் காலத்தில் மோனோவையும் ஸ்டீரியோவையும் தனித்தனியாகக் கலந்து செய்தார்கள், இரண்டிலும் கேட்பது ஒன்றல்ல. சீரமைத்தவர் யார் என்பது ஒவ்வொன்றிலும் அச்சில் இருக்கும். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகள் இருபது சொச்சம் வயதில் செய்த ஒரு தட்டை இப்படித் தொட்டுத் தொட்டுப் பாதுகாக்கிறார்கள்.

அதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம்தான் வருகிறது. நம்முடைய இந்த இரண்டாம் தொகுப்பும் அதற்கு ஒரு படி குறைந்ததல்ல. சினிமாவுக்கு ராப்பகலாக இசையமைத்துக்கொண்டிருந்த மனிதர், தயாரிப்பாளரோ கதையோ பாடலாசிரியரோ இல்லாமல் தன் மனதுக்கு மட்டும் செய்த வேலை அது. செயலியில் இன்று அதைத் தேடினால் உடனே கிடைக்கிறது, அதற்கு நன்றி. ஆனால் திரையில் ஒன்றிரண்டு பெயருக்கு மேல் இல்லை. ஐம்பது பேர் வாசித்தார்களே, அவர்கள் யார்? நரசிம்மனைப் போல ஒன்றிரண்டு பேரை இசை தெரிந்தவர்கள் அறிவார்கள். அவர் பின்னாளில் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்று நால்வர் குழுவே அமைத்தார். மற்றவர்கள்? வயலின் வரிசையில் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தவர், காலையில் ஒரு படத்துக்கு டூயட் வாசித்துவிட்டு மதியம் இதற்கு வந்தவர். அவருடைய பெயரும் மறுபதிப்பில் அச்சாக வேண்டும். தடித்த அட்டையில், பெரிய இசைத்தட்டாக, பதிவு நடந்த கதையோடு, வாசித்தவர்களின் முழுப் பட்டியலோடு அது வர வேண்டும் என்று எனக்கு ஆசை. இசைத்தட்டு மறுபடியும் விற்கிற காலம் இது. அந்தக் கலைஞர்களில் பலருக்கு இப்போது வயதாகிவிட்டது, கேட்டு எழுதிக்கொள்ள இதுதான் நேரம்.

2025 மார்ச் 8ஆம் தேதி லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் ராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியபோது தமிழ்நாடே கொண்டாடியது. நானும் கொண்டாடினேன். ஆனால் 1993இல் இதே லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் குழு அவருடைய சிம்பொனி ஒன்றை வாசித்துப் பதிந்தது. அது நமக்குக் கேட்கக் கிடைக்கவே இல்லை. வெளிவராமல் போனது ஒன்று, வந்தும் தன் விவரங்களை இழந்து நிற்பது இன்னொன்று. முந்தையதற்கு நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. பிந்தையதற்கு முடியும்.

கீழப்பழுவூரில் அந்தக் கடை இப்போது இல்லை. எம்பி3 தட்டுகள் வந்த காலத்தில் ஒரு தட்டில் நூறு பாட்டு என்று ஆனதும், தாளில் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு மெமரி கார்டு வந்தது. கடை கொஞ்ச நாள் ஜெராக்ஸ் கடையாக இருந்தது, அதற்குப் பின் இடித்துக் கட்டிவிட்டார்கள். சாலை அகலமாகிவிட்டது. லாரிகள் இப்போது ராத்திரியும் ஓடுகின்றன. போன பொங்கலுக்குப் போனபோது அண்ணனைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது, கையெழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. மருந்துச் சீட்டின் பின்பக்கம் எனக்கு ஒரு போன் நம்பர் எழுதிக் கொடுத்தார், அதே சாயாத எழுத்து. குழலைப் பற்றிப் பேச்சை எடுத்தேன்.

“மிச்ச டேப்பு எதுக்குப்பா சும்மா ஓடணும்? ஜனங்க காசு குடுத்து வாங்குனது” என்றார்.

“அதுக்கு இன்னொரு சினிமாப் பாட்டு போட்டிருக்கலாமேண்ணே.”

“போட்டா பாதியில நிக்கும். பாதிப் பாட்டு கேட்டா மனசு அலையும். இது எங்க நின்னாலும் பரவால்ல.”

எனக்கு அப்படி இல்லை, நின்ற இடத்திலேயே நானும் நின்றுவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, “எந்த இடத்துல?” என்று கேட்டார். வாயால் பாடிக் காட்டினேன். உடனே பிடித்துக்கொண்டு அதற்கு மேல் அவர் பாடினார். வயலின்கள் மேலேறும் அந்த அடியை, ஒரு இடமும் தப்பாமல், குழல் திரும்பி வந்து சேரும் இடம் வரைக்கும். அவருக்கு எப்போதும் முழுவதும் தெரிந்திருந்தது. அறுந்துபோனதெல்லாம் எங்கள் வீடுகளில்தான்.

அவர் பதிந்து கொடுத்த கேசட்டுகள் மேலப்பழுவூர், கீழையூர், வெங்கனூர், திருமானூர் என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் போயிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மிஞ்சிய டேப்பின் நீளம் வேறு. ஒரு வீட்டில் இரண்டு நிமிடம், ஒரு வீட்டில் ஏழு நிமிடம். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக் கேட்க வேண்டும் என்று இப்போது ஒரு வேகம். எங்கள் வீட்டுக் கேசட் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து வீணாகிவிட்டது. ஆகவே அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், நீல மசியில் எழுதிய அட்டையோடு கேசட் ஏதாவது கிடந்தால் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். உடனே எடுத்து ஓட்டவும் வேண்டாம். வெள்ளைத் தூள் மாதிரி பூஞ்சை இருக்கிறதா என்று டேப்பை வெளிச்சத்தில் பாருங்கள். டேப்பை ஹெட்டோடு அழுத்துகிற சின்னப் பஞ்சுத்துண்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் ஒரு தடவை முன்னுக்கும் பின்னுக்கும் முழுக்கச் சுற்றிவிட்டு, அப்புறம் போடுங்கள். ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுப் போடுவது நல்லது. பாட்டுகள் முடிந்ததும் நிறுத்திவிடாமல் பக்கம் முடியும்வரை ஓட விடுங்கள். குழல் வந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், எங்கே அறுகிறது என்பதையும் சேர்த்து.